பியூலா பேசிய மாலைகள்

ஜெபசிங் மூன்றாவது தடவையாகப் படியேறி வந்தபோது நஸ்ரினுக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டியது. முதல் இரண்டு தடவையும் அவர் கொண்டுவந்த போனில் அவளால் ஒரு குறையையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கண்முன்னால் செயலி சமர்த்தாகத் திறந்தது, சமர்த்தாகப் பேசியது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் படுத்துவிடுகிறது என்று மனிதர் திரும்ப வந்து நிற்கிறார்.

செயலியின் பெயர் 'கூடவே'. தூத்துக்குடியில், துறைமுகம் பார்த்த ஒரு மாடியில் சில பேர் சேர்ந்து உண்டாக்கியது. கப்பலிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் அப்பா அம்மாக்கள் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து தங்கள் குரலைப் பதிந்து கொடுத்தால் போதும். பிறகு வேலைக்கு நடுவே அவர்கள் இரண்டு வரி எழுதி அனுப்பினாலும், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு அது அவர்களே வாய் திறந்து பேசுவது போலக் கேட்கும். பிள்ளை பேசும் பதில் எழுத்தாகி அவர்களிடம் போகும். அந்தச் செயலிக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பது நஸ்ரினின் வேலை.

"அதே கோளாறுதானா சார்?"

"அதேதான் மேடம். சரியா அவ பேச ஆரம்பிக்கற நேரத்துல மூடிக்கிடுது. 'மீடியா ப்ராசஸ் நின்றுவிட்டது'ன்னு ஒரு வரி வருது. பொறவு ஒண்ணுமில்ல."

ஜெபசிங் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் ஷெட்டில் வேலை பார்த்தார். டீசல் படகுகள் ஒழிந்த பிறகு வந்த தொழில். ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்வார், அதற்குமேல் தரையைப் பார்ப்பார். மனைவி பியூலா மஸ்கட்டில் நர்ஸ், மகள் அக்சா ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள் என்பதே இரண்டு சந்திப்புகளில் அவரிடமிருந்து பிடுங்க முடிந்த செய்தி.

நஸ்ரின் செயலியை அழித்து மறுபடியும் ஏற்றினாள். சேர்ந்திருந்த குப்பையைத் துடைத்தாள். பேட்டரி சிக்கனம் எதையாவது தடுக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கம்பெனியின் சோதனைக் குரலைப் பேசவிட்டாள். கணீரென்று பேசியது.

"பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு செய்வோம் சார். உங்க வீட்டம்மாவை இப்ப ஒரு வரி அனுப்பச் சொல்லுங்க. என் முன்னாடியே கெட்டாத்தான் எனக்குப் பிடிபடும்."

"அவளுக்கு இப்ப டூட்டி."

"ஒரே வரி போதும் சார். 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாக்கூடப் போதும்."

"இப்ப முடியாது மேடம்." அவர் குரல் சட்டென்று இறுகியது. பிறகு தானே இறங்கிவந்து, "ஏழு மணியானா பிள்ளை போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திரும். ரெண்டு வாரமா உக்காந்துக்கிட்டே இருக்கு. எப்படியாவது பாத்துக் குடுங்க," என்றார்.

போனை விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று வாசல்வரை போய்த் திரும்பிச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நஸ்ரின் போனின் உள்குறிப்புகளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கதை ஒன்றுதான். செயலி தன் வேலையை முடித்து, குரலைத் தயாரித்து, போனின் ஒலியைக் கவனிக்கும் மீடியா ப்ராசஸின் கையில் கொடுக்கிறது. கொடுத்த அந்த நொடியில் அது நின்றுவிடுகிறது. நிற்கும்போது செயலியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறது. அதன் அருகே அவள் பார்த்தறியாத ஒரு குறியீட்டு எண். பக்கத்து மேசை மாரிராஜிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். கம்பெனியில் அவர்தான் பழைய ஆள்.

மாரிராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது தானா விழலம்மா. தள்ளி விட்டிருக்கு."

"யாரு தள்ளுனா?"

"போன்தான். போன மாசம் சிஸ்டம் அப்டேட் வந்துச்சுல்லா? எந்தச் சத்தமும் அந்த மீடியா ப்ராசஸ் வழியாத்தான வெளிய வரணும். மெஷின் உண்டாக்குன குரல்னா, அது யாரோட குரல்னு இப்ப பதிவேட்டுல தேடுது. அந்த ஆளு உயிரோட இல்லைன்னா விடாது. புதுச் சட்டம்லா."

நஸ்ரின் திரையைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்படின்னா அதைத் திரையில சொல்லித் தொலைக்க வேண்டியதுதான அண்ணே? என்னமோ கோளாறு மாதிரி எதுக்கு நடிக்குது?"

"வேற எப்படிச் சொல்லும்? 'உங்க ஆளு செத்துட்டாங்க'ன்னு ஒரு வீட்டுல போய் போன் சொல்லணுமாக்கும்?"

அந்தச் சட்டத்தை வேண்டும் என்று கேட்டவர்களில் நஸ்ரினும் ஒருத்தி. அவளுடைய அண்ணன் ரியாஸ் காக்கா லாரியில் அடிபட்டு இறந்த சில மாதத்தில், உம்மாவுக்கு ஒரு போன் வந்தது. "உம்மா, நான்தான்" என்று அதே குரல். யாரோ களவாணிகள் ரியாஸின் பழைய வீடியோக்களிலிருந்து செய்த குரல். உம்மா நகையைக் கழற்றிக் கொடுத்ததைக்கூட வீட்டில் மறந்துவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு ஒரு வருஷம் உம்மா போன் மணியடிக்கும் போதெல்லாம் ஓடினாள், ஒருவேளை புதைத்தது வேறு பிள்ளையோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இறந்தவர் குரலில் இனி யாரும் எந்த மெஷினும் பேசக் கூடாது என்று வந்த மனுவில் நஸ்ரின் முதல் நாளே கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கும் அதில் அவளுக்கு மனம் மாறவில்லை.

ஆனால் இப்போது வேறொரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. பியூலா இறந்துவிட்டாள். ஜெபசிங்குக்கு அது தெரியுமா? தெரியாவிட்டால், மனைவி பெயரில் அவருக்கும் பிள்ளைக்கும் எழுதிக்கொண்டிருப்பது யார்? இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அவசியமில்லாமல் பார்க்கக் கூடாத விவரம் ஒன்று உண்டு. செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்பது. நஸ்ரின் அதைத் திறந்தாள். மஸ்கட் இல்லை. ஒன்றரை வருஷமாகப் பியூலாவின் ஒவ்வொரு வரியும் முதலில் மார்த்தாண்டத்திலிருந்தும், பிறகு இதே தூத்துக்குடியிலிருந்தும்தான் கிளம்பியிருந்தது.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள்.

ஜெபசிங் ஒரு படகின் பேட்டரியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வண்டியை அப்படியே நிறுத்தினார். அவள் வாயைத் திறக்குமுன், "கண்டுபிடிச்சிட்டியளா," என்றார்.

ஷெட்டின் பின்பக்கம் காலிப் பெட்டிகள் கிடந்தன. அங்கே உட்கார்ந்தார்கள். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவர் பேசியிருக்க மாட்டார் என்று நஸ்ரினுக்குத் தோன்றியது.

"டூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போற வழியில வேன் கவுந்திட்டு மேடம். அங்கயே அடக்கம் செஞ்சாச்சு. நான் மட்டும் போயிட்டு வந்தேன். பிள்ளைக்கு அப்ப அஞ்சு வயசு நெறையல. எப்படிச் சொல்ல? வீட்டுக்குள்ள நுழையுதேன், ஓடி வந்து 'அம்மா இன்னும் கூப்பிடல'ன்னு சொல்லிச்சு. மணி ஏழு. சரி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு எழுதினேன்."

"அவங்க கணக்கு உங்க கையில எப்படி?"

"முந்தியே இருந்திச்சு. அவளுக்கு ஐசியூ டூட்டி. உள்ள போன் கொண்டுபோவ முடியாது. 'ஏழு மணிக்குப் பிள்ளை காத்துக்கிட்டிருக்கும், எனக்குப் பதிலா நீங்க எழுதிருங்க, நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியாதா'ம்பா. அவ இருக்கும்போதே வாரத்துல அஞ்சு நாளு நான்தான்." அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "பொறவு எங்க ஊரு மார்த்தாண்டத்துல இருந்தா யாராவது பிள்ளைகிட்டச் சொல்லிருவாங்கன்னு இங்க வேலை பாத்து வந்துட்டேன். இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இவ்வளவு நாள் ஓடிப்போச்சு."

"நீங்களே உங்க குரல்ல பேசலாமே அண்ணே?" 'சார்' எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். "எனக்கு அதெல்லாம் வராது. எங்கப்பா எங்கிட்டப் பேசுனதில்ல. நான் பிள்ளைகிட்ட 'சாப்பிட்டியா, படிச்சியா, படுத்துக்கோ'ன்னு மூணு வார்த்தைதான் பேசுவேன். அவளா எழுதும்போது என்னமோ வந்துரும். கிளிப்பு என்ன கலர், டீச்சர் ஏன் ஏசுனாங்க, எல்லாம் கேப்பேன். பிள்ளையும் எல்லாம் சொல்லும்." பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "இந்த ரெண்டு வாரமா எனக்கும் பிள்ளைகிட்டப் பேச வழியில்லாமப் போச்சு."

நஸ்ரின் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். எந்தப் போனிலும் இனி அந்தக் குரல் வராது என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஒரே ஒரு தடவை முடியுமா மேடம்? போயிட்டு வாறேன்னு அவ வாயால சொல்லட்டும். அதுக்குப் பொறவு நான் கேக்க மாட்டேன்," என்றார்.

அலுவலக அலமாரியில் சோதனைக்கென்று ஒரு பழைய போன் கிடந்தது. எந்த அப்டேட்டும் ஏறாதது. அதில் குரல் வரும். சட்டப்படி அது தப்பு, அவள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த சட்டப்படி. உம்மாவின் முகம் அவள் கண்முன் வந்தது. உம்மாவை ஏமாற்றியவன் திருடன், இவர் திருடனில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதுவும் முழுசாக ஒட்டவில்லை. இருந்தாலும் சாயங்காலம் அந்தப் போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

ஒரு கூடமும் சமையலறையும் ஒரு படுக்கையறையும் உள்ள வாடகை வீடு. அக்சா யூனிபார்மைக்கூட மாற்றாமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்த வாய்.

"அக்கா, போன் சரியாயிட்டா?"

"பாப்போம்டா."

ஜெபசிங் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனார். அவருடைய போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஏழடித்ததும் அக்சாவின் மடியிலிருந்த பழைய போன் ஒளிர்ந்தது.

"அக்சாக் குட்டி, அம்மா பேசுதேன்."

நஸ்ரின் அந்தக் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். கொஞ்சம் கட்டையான, வெதுவெதுப்பான குரல். அக்சா போனைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள்.

"அம்மா! ஏம்மா இத்தனை நாளாக் கூப்பிடல? நான் டெய்லி இருந்தேன். எம்மேல கோவமா? நான் பால் குடிக்காமக் கொட்டினதை அப்பா சொல்லிக் குடுத்துட்டாரா?"

போன் பேசவில்லை. நஸ்ரின் உட்கார்ந்த இடத்திலிருந்து சமையலறை தெரிந்தது. ஜெபசிங் மேடையில் முழங்கையை ஊன்றி எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார், அழித்தார்.

"நான் இனி கொட்ட மாட்டேம்மா," என்றாள் அக்சா போனிடம்.

ஜெபசிங் வெளியே வந்தார். எழுதிக்கொண்டிருந்த போன் கையிலேயே இருந்தது. மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அக்சா, மக்களே, அம்மாவுக்கு உம்மேல கோவம் இல்ல. அம்மா செத்துப் போயாச்சு. நாம இங்க வர்றதுக்கு முந்தியே. நான்தான் உன்கிட்டச் சொல்லல."

அக்சா போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "இப்ப பேசிச்சே."

அவர் தன் போனில் ஏதோ எழுதினார். அவள் கையிலிருந்த போன், "அக்சா," என்றது அம்மாவின் குரலில். அவர் தன் போனைத் திருப்பி, எழுதியதை அவளுக்குக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை. தன் பெயரைப் படித்தாள்.

"என் பல்லு விழுந்தப்ப பேசுனது?"

"நான்."

"நிவேதா எங்கூடப் பேச மாட்டேங்கான்னு சொன்னப்ப?"

"அதும் நான்தான்."

"எனக்கு அம்மை போட்டிருந்தப்ப, ஆமை கதை சொன்னது? அப்ப நாம பழைய வீட்டுல இருந்தோம்."

நஸ்ரினுக்கு, இதற்கு மட்டுமாவது அவர் பொய் சொல்லட்டும் என்றிருந்தது. அவர் சொல்லவில்லை. "அப்ப அம்மா இருந்தா மக்களே. ஆனா அவளுக்கு வேலை. அன்னைக்கும் நான்தான் எழுதினேன்."

அக்சா போனைக் கீழே வைத்தாள். "அப்ப அம்மா எங்கிட்ட என்னதான் பேசுனா?"

அவர் கையை நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டாள். மறுபடியும் நீட்டியபோது இரண்டு கையாலும் அவர் மார்பில் அடித்தாள். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நஸ்ரின் பழைய போனை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்ததும் அவள் பியூலாவின் கணக்கைத் திறந்தாள். அந்தப் பிள்ளையின் கேள்வி காதில் நின்றது. அம்மா என்னதான் பேசினாள்? பியூலா மஸ்கட்டிலிருந்து எழுதிய கொஞ்ச வரிகள் கணக்கில் இருந்தன. ஆனால் அவையும் எழுத்து, மெஷின் குரல்.

மத்தியானம், மாரிராஜ் புது வாடிக்கையாளர் ஒருவரை ஒலிப்பதிவு அறைக்குள் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். கப்பலுக்குப் போகிற ஒரு சமையல்காரர். கொடுத்த வாக்கியங்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். நடுநடுவே இருமினார், "இது சரியாப்பா?" என்று கேட்டார். நஸ்ரின் சட்டென்று எழுந்தாள்.

"அண்ணே, குரல் எடுக்கும்போது பதியற மூலப் பதிவையெல்லாம் அழிச்சிருவோமா?"

"எதுக்கு அழிக்க? இங்க பதிஞ்சதும், வீட்டுல பதிஞ்சு அனுப்புனதும் எல்லாம் சர்வர்ல சும்மா கிடக்கும்."

அன்று சாயங்காலம் அவள் போனபோது ஜெபசிங் வீட்டில்தான் இருந்தார். வேலைக்கே போகவில்லை. பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். கண் வீங்கியிருந்தது. நஸ்ரின் உள்ளே போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்சா, நேத்து நீ ஒரு கேள்வி கேட்டல்லா? பதில் கொண்டு வந்திருக்கேன். இது யாரும் எழுதினது இல்ல. உங்கம்மா வாயைத் தொறந்து பேசுனது. உங்க பழைய வீட்டுல வச்சு."

அக்சா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நஸ்ரின், ஜெபசிங் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த போனிலேயே பதிவை ஓடவிட்டாள். மீடியா ப்ராசஸ் இதையும் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் உயிரோடு பேசிய பதிவை அது தடுக்காது என்றுதான் விதி. விதி சொல்வது வேறு, போன் செய்வது வேறு என்பதை அவளைவிட அறிந்தவர் யார்?

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அதே கட்டைக் குரல், பள்ளிப்பிள்ளை வாசிப்பது போல விறைப்பாக.

"'இன்று வானம் தெளிவாக இருக்கிறது. கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தேன். மழை வந்தால்...' ஏட்டி அக்சா! அந்த ஸ்டூல்ல இருந்து எறங்குதியா இல்லியா? விழுந்து பல்லை ஒடச்சிக்கிட்டு எம்முன்னால வந்து நின்னா, பாத்துக்கோ! என்னங்க, மரம் மாதிரி நிக்கிய? பிள்ளையப் பிடியுங்க! ஒரு மனுஷி நாலு வரி வாசிக்க முடியுதா இந்த வீட்டுல? ஐயோ, இதையுமா பதியுது? நிப்பாட்டுங்க, நிப்பாட்டு..."

பிறகு ஒரு சிரிப்பு. அடக்க முடியாமல் பீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் தொடங்கும் சிரிப்பு. எங்கோ பின்னால் ஒரு சின்னக் குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

வாசலில் நின்ற ஜெபசிங் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஒன்றரை வருஷமும் அவர் எழுதிய பியூலா ஒரு தடவைகூட ஏசியதில்லை.

அக்சா திரும்பிப் படுத்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா என்னையா ஏசுதா?"

"உன்னத்தான் மக்களே," என்றார் அவர். "நீ அப்படி ஏறுவ. அலமாரி மேல, ஜன்னல் மேல, எங்க பாத்தாலும் ஏறுவ. நாள் முழுக்க உன் பொறத்தால ஓடி ஏசிக்கிட்டே இருப்பா. என்னையும் ஏசுவா. மரம்னுதான் எனக்குப் பேரு."

அவர் இவ்வளவும் தன் சொந்தக் குரலில் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. நஸ்ரின் கவனித்தாள்.

"நான் விழுந்தேனா?" என்று கேட்டாள் அக்சா.

"இல்ல. நான் பிடிச்சிட்டேன்."

அவள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, அப்பா உட்கார இடம் விட்டாள். அவர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்ததும், போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னொரு தடவை ஏசச் சொல்லுப்பா."